ஏழாவது சாண்

சச்சிதானந்தனுக்கும் மங்கையற்கரசிக்கும் ஒரு நாளில் சந்திக்கக் கிடைப்பது பதினைந்து நிமிடம். அதுவும் வாசலில். விடிய ஐந்தரைக்கு அவர் பாண் சுடும் ஃபக்டரியில் இருந்து மாவும் வேர்வையுமாக வந்து சப்பாத்தைக் கழற்றுவார். ஐந்தே முக்காலுக்கு இவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலைக்கு இரண்டு பஸ் பிடிக்க ஓடுவாள். வாடகை, மகள் கௌசியின் பள்ளிக்கூடக் கடிதம், ஊரில் யார் செத்தது, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சண்டைக்கும் நேரம் போதாது. பாதியில் விட்டதை அடுத்த நாள் விடிய எடுத்துத் தொடருவார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், அப்படி ஒரு விடியலில் அவர் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். கையில் ஒரு கடிதம்.

"அளக்கப் போகினமாம்" என்றார்.

"எதை?"

"ரெயிலர் நிக்கிற இடத்தை. இனி எல்லாருக்கும் ஒரே காசு இல்லையாம். றோட்டுப் பக்கத்தாலை அடி அளந்து, அடிக்கு நாப்பது டொலர். அடியிலை துண்டு மிஞ்சினால் அதுவும் முழு அடியாம். மே பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை ரேப்போடை வருவினமாம்."

போன வருசம் வரைக்கும் எண்ணூற்றைம்பது டொலர். ஏறுவது புதிதல்ல, வருசா வருசம் ஐம்பதோ நூறோ ஏறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் மனுசனின் முகத்தில் இருந்தது காசுக் கவலை மட்டும் அல்ல. பேயைக் கண்டவர் போல நின்றார். ஏனென்று மங்கைக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவள் இறங்கி ஓடினாள்.

அவர்கள் குடியிருக்கும் ஸ்காபரோவில் இருந்து நாற்பத்தெட்டாம் இலக்க நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரௌவ்வில்லைத் தாண்டி, சோளக் காணிகளுக்குள்ளால் வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் வாவிக் கரையில் சின்ன ரெயிலர் பார்க் ஒன்று வரும். இருபத்தாறு இடங்கள்தான். ஒவ்வொரு இடத்திலும் சில்லு வைத்த சின்ன வீடொன்று, காரோடு வந்து ஆறு மாதம் பாவித்துவிட்டுப் பனிக்குப் பூட்டிவிட்டுப் போகும் வீடு. அந்தப் பார்க்கை முதலில் கண்டுபிடித்தவர் அருள்நாயகம். கடற்கரை ஊரான பாசையூர்க்காரர், தண்ணீரைக் காணாமல் இருக்க மாட்டாதவர். அவர்தான் முன்பு கார் நிறுத்துமிடத்தில் தன்னோடு வேலை செய்த சச்சிதானந்தனையும் கூட்டிப் போய், பக்கத்து இடத்தையே எடுத்துக் கொடுத்தார். ஆளுக்கு முப்பத்திரண்டு அடி. நடுவில் வெறும் புல்.

வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு எங்கள் சச்சிதானந்தனால் இருக்க முடியுமா? அவருடைய தகப்பன் இரண்டு சாண் எல்லைக்காகப் பருத்தித்துறைக் கோட்டில் பதினொரு வருசம் வழக்காடினவர். காணியின் பெறுமதியைப் போல நாலு மடங்கை வக்கீல்மாருக்குக் கொடுத்து வென்றவர். அந்த இரத்தம். முதல் வருசமே காட்டுத் தடி வெட்டி, பச்சைத் துணி இழுத்துக் கட்டி, றோட்டில் இருந்து தண்ணிக் கரை வரைக்கும் வேலி அடைத்தார். காற்றுக்கு மறைப்பு என்று சொன்னார். பனி ஒவ்வொரு வருசமும் அந்த வேலியைச் சரித்துப் போடும். ஒவ்வொரு வசந்தத்திலும் சச்சிதானந்தன் அதை நிமிர்த்துவார். நிமிர்த்தும்போது ஒரு சாண் அருள்நாயகத்தின் பக்கம் அரக்கி நடுவார்.

ஒரு சாண். கேட்டால் அவருக்கே காரணம் தெரியாது. அந்தத் துண்டில் அவர் ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டதில்லை. கை, குழி தோண்டும் அலவாங்கைப் பிடித்தால் தானாக ஒரு சாண் தள்ளிக் குத்தும், அவ்வளவுதான். ஆறு வருசத்தில் ஆறு சாண்.

அருள்நாயகம் ஒன்றும் கேட்டதில்லை. போன வருசத் தை மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பெட்டியைத் தூக்கினவர்களில் சச்சிதானந்தனும் ஒருவர். அந்த மேயிலும் வேலி ஒரு சாண் நகர்ந்தது.

இந்த முறை மே பதினொன்று சனிக்கிழமை. குளிர் விடவில்லை. காருக்குள் ஹீற்றர் போட்டிருந்தது. பின் சீட்டில் பதினைந்து வயதுக் கௌசி காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"முப்பத்திரண்டு அடி எண்டால் ஆயிரத்து இருநூற்றெண்பது" என்று சச்சிதானந்தன் றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆயிரத்து முந்நூறு மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு குடுக்கலாம். அதைத் தாண்டினால் வித்துப்போட்டு வீட்டுக்குக் காசு சேர்ப்பம். ஸ்ரீதரன் விட்பியிலை வீடு வாங்கிப்போட்டான். நாங்கள் சில்லு வைச்ச பெட்டிக்கு வாடகை கட்டுறம்."

ஸ்ரீதரன் மங்கையின் தம்பி. வீடு வாங்கிய நாளில் இருந்து அவன் பெயர் இந்தக் காருக்குள் அடிக்கடி வரும்.

"இப்ப எங்கடை இடம் எத்தினை அடி வரும்?" என்று கேட்டாள் மங்கை.

"முப்பத்தாறரை. முப்பத்தேழாத்தான் எடுப்பினம்."

"அப்ப ஆயிரத்து நானூற்றெண்பது."

"அதுதான் சொல்லுறன். வேலியைப் பழைய இடத்துக்குக் கொண்டு போகவேணும். நாளைக்கு விடிய அருளண்ணையின்ரை மனுசி எமில்டா அக்கா பூசைக்குப் போவா. போயிட்டு வரப் பத்தரை ஆகும். அதுக்குள்ளை செய்து முடிச்சுப்போடுவம். அளக்கிறவை மத்தியானம்தானே வருவினம்."

"எடுக்கேக்கையும் களவு, குடுக்கேக்கையும் களவோ?"

"பின்னை என்ன, மேளதாளத்தோடையே குடுக்கிறது?"

கௌசி ஒரு காதில் இருந்து பாட்டைக் கழற்றினாள். "அப்பா, இட்ஸ் ஜஸ்ற் அ ஃபீல்ட். ஒரு சவர் இருக்கு, அதுக்கும் குவாட்டர் காசு போடவேணும். ரூ மினிற்ஸிலை தண்ணி நிண்டிடும். இதுக்குப் போய் ஆயிரம் டொலரா?"

"அவள் சொல்லுறது சரி" என்றார் சச்சிதானந்தன். "அங்காலை பெரிய பார்க்கிலை இதே காசுக்கு நீச்சல் குளம் இருக்கு, கடை இருக்கு. இஞ்சை என்ன? கொசுவும் பாசியும். குடுக்கிற காசுக்கு என்ன கிடைக்குது, சொல்லு பாப்பம்."

மங்கையிடம் அதற்குப் பதில் இருந்தது. மகளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

குளிர்காலம் முழுக்க இந்த மனுசன் சனிக்கிழமையும் ஓவர்ரைம் செய்வார். ஞாயிறு பகல் நித்திரை, இரவு திரும்ப வேலை. மே தொடங்கினால் மட்டும் சனிக்கிழமை ஓவர்ரைமை வேண்டாம் என்பார். காசு கட்டின இடம், போகாமல் விட்டால் நட்டம் என்பது அவருடைய நியாயம். அந்தக் கஞ்சத்தனம்தான் அவரை இழுத்துக்கொண்டு வரும். வந்தால் சனி இரவும் ஞாயிறு மத்தியானமும் அவளுக்கு எதிரே கதிரையில் இருந்து சாப்பிடுவார். சாப்பிட்டபடி கதைப்பார். ஃபக்டரியில் தமிழ்ப் பொடியனுக்கு விரல் போனது, மேற்பார்வைக்காரன் கடிந்தது, தகப்பனை நினைத்து அழுகை வந்தது, எல்லாம் அங்கேதான் வாயில் வரும். கிழமைக்கு இரண்டு சாப்பாடு. பனி மூடும் வரைக்கும் இருபது கிழமை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற மங்கைக்கு, மனுசனோடு இருந்து சாப்பிடுகிற சாப்பாடு வருசத்துக்கு நாற்பது. ரெயிலர் போனால் அதுவும் போச்சு.

பார்க்கில் இன்னும் மரங்கள் முழுதாகத் துளிர்க்கவில்லை. நிலம் காலை வைத்தால் சதக்கென்றது. கறுப்பு இலையான் பறந்து வந்து காதுக்குள் விழுந்தது. பார்க்கின் பழைய சொந்தக்காரக் கிழவர் இறந்துபோய் மகள் பொறுப்பெடுத்த பிறகு, கழிவுத் தொட்டியை மாற்றச் சொல்லி அரசாங்கக் கட்டளை வந்து, குழாய்க்குத் தோண்டிய மண் இன்னும் குவியலாகக் கிடந்தது. காசு ஏறினதில் அநியாயம் இல்லை என்று மங்கைக்கு அந்த மண்ணைப் பார்த்ததும் பட்டது. ஆனால் நியாயமான காசு என்பதால் அது கையில் வந்துவிடுமா?

ரெயிலரின் கதவைத் திறந்தாள். எலிப் புழுக்கையும் பூஞ்சண மணமும். மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டுத் தட்டினாள், அலுமாரிகளைக் கழுவித் துடைத்தாள், குசினி அடுப்புப் பக்கத்துக் கூரை ஒழுகின இடத்துக்குச் சட்டி வைத்தாள். சச்சிதானந்தன் சரிந்து நின்ற வேலியைச் சும்மா பார்ப்பதுபோல மேலும் கீழும் நடந்தார்.

பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. அதில் ஒரு பிளாஸ்ரிக் பை.

"மங்கை, இந்தா. நாலு மீன். இப்பதான் பிடிச்சனான்."

அருள்நாயகத்தின் மனைவி எமில்டா. ஐம்பத்தைந்து வயது, வயோதிபர் இல்லமொன்றில் துணி தோய்க்கும் வேலை. புருசன் செத்த பிறகு அவருடைய தூண்டிலை இவள் எடுத்துக்கொண்டாள். வேலைக்கு லீவு கிடைத்தால் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். மங்கை கத்தியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இரண்டு பேரும் மேசையில் பழைய பேப்பரை விரித்துச் செதில் உரித்தார்கள்.

"கடிதம் வந்ததே அக்கா?"

"வந்தது. வாசிச்ச உடனை நெஞ்சு திக்கெண்டுது. அவரின்ரை ரேப்பைத் தேடி எடுத்து நானே அளந்து பாத்தன். அந்தோனியார் புண்ணியத்திலை, இருபத்தேழு அடிதான் பிள்ளை என்ரை இடம். அரை அடி சொச்சமாய் இருக்கும். ஆயிரத்து எண்பது."

மங்கையின் கத்தி நின்றது.

"அதுக்கு மேலை ஒரு சதம் எண்டாலும் என்னாலை ஏலாது" என்றாள் எமில்டா. "முப்பது அடி எண்டு வந்திருந்தால் இந்த வருசம் வித்திருப்பன். ஒரு வெள்ளைக்காரன் கேட்டும் வைச்சிருக்கிறான். மகன் சொல்லுறான், தனிய உங்கை கிடந்து என்ன செய்யிறியள் எண்டு. அவனுக்கு என்ன தெரியும்? அவரின்ரை கட்டில் இஞ்சைதான் கிடக்கு. அப்பாற்மென்ரிலை மகன்ரை சோபாவிலைதான் நான் படுக்கிறனான்."

"ஓமக்கா" என்றாள் மங்கை.

அன்று இரவு அவள் புட்டு அவித்து, மீனைப் புளி கரைத்து நல்ல உறைப்பாகக் குழம்பு வைத்தாள். சச்சிதானந்தன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னார். எமில்டா சொன்னதை அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நாற்பது சாப்பாடும் போய்விடும் என்று விழுங்கினாள். தன்னைப் பற்றி அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விழுங்கினாள்.

விடிந்து எட்டரைக்கு எமில்டாவின் கார் பூசைக்குப் போனது. அது மரங்களுக்குள் மறைந்ததோ இல்லையோ, சச்சிதானந்தன் அலவாங்கும் கையுமாக வெளியே வந்தார்.

"துணியைப் பிடி. சுருக்கா."

பதினாலு தடி. பனியில் ஊறி இறுகிப் போயிருந்தன. முதல் தடியை ஆட்டிப் பிடுங்க இருபது நிமிடம் சென்றது. இரண்டாவது பாதியில் முறிந்தது. மூன்றாவதைப் பிடுங்கியபோது ஈர மண்ணில் ஓட்டை வாயைத் திறந்து பார்த்தது. துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற மங்கை அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. நிப்பாட்டுங்கோ."

"என்ன?"

"இதைத் தள்ளினால் எமில்டா அக்கா வித்துப்போட்டுப் போயிடுவா." நேற்றுக் கேட்டதை எல்லாம் சொன்னாள்.

அவர் அலவாங்கில் சாய்ந்து நின்றார். "நேற்றே தெரியுமோ உனக்கு?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் எங்கடையை வித்துப்போடுவியள் எண்டு சொல்லேல்லை."

"வித்தால் என்ன? விட்டது சனியன் எண்டு இருப்பம். வீடொண்டு வாங்கலாம்."

"எனக்கு இந்த இடம் வேணும்."

"உந்தப் பாசி பிடிச்ச தண்ணியோ வேணும்?"

"உங்களோடை இருந்து சாப்பிட எனக்கு வேறை இடம் இல்லை" என்றாள் மங்கை. "வீட்டிலை கடைசியா எப்ப ரெண்டு பேரும் ஒண்டாச் சாப்பிட்டனாங்கள்? சொல்லுங்கோ பாப்பம்."

சச்சிதானந்தன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தைப்பொங்கலுக்கு என்று தொடங்கி, அன்றைக்கு ஓவர்ரைம் போனது நினைவுக்கு வந்து நிறுத்தினார்.

"பதினைஞ்சு நிமிசத்திலை நான் உங்கடை சப்பாத்தைத்தான் பாக்கிறன்" என்றாள் மங்கை. "இஞ்சை வந்தால்தான் முகத்தைப் பாக்கிறன். ஆனால் அதுக்காக அந்த மனுசியை எழுப்பி அனுப்பேலாது. அருளண்ணை இருந்த இடம்."

அவர் பிடுங்கின தடியைக் கையில் வைத்துக்கொண்டு, நடவும் மாட்டாமல் போடவும் மாட்டாமல் நின்றார். அப்படி நிற்கும்போதுதான் எமில்டாவின் கார் திரும்பி வந்தது. கோயிலில் பாதிரியாருக்குச் சுகமில்லையாம், பூசை பின்னேரத்துக்குப் போய்விட்டதாம். அதை அவள் பிறகுதான் சொன்னாள். காரில் இருந்து இறங்கி, மூன்று ஓட்டையையும், முறிந்த தடியையும், அலவாங்கையும், துணிச் சுருளோடு நின்ற மங்கையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன தம்பி, இந்த வருசம் வேலி பின்னாலையோ நடக்குது?"

சச்சிதானந்தனின் முகம் கறுத்துப் போனது. "அக்காவுக்குத் தெரியுமோ?"

"நல்ல கதை. அவருக்கு அது முதல் வருசமே தெரியும். மே வந்தால் யன்னலடியிலை தேத்தண்ணியோடை குந்தியிருப்பார். எமில்டா, ஓடி வா, வேலி நடக்குது எண்டு என்னைக் கூப்பிடுவார். ரெண்டு பேருமாய்ப் பாத்துச் சிரிப்பம். எங்களுக்கு அது ஒரு படம் மாதிரி."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"ஒரு பனைக்காக அருளின்ரை ஐயாவும் பெரியப்பாவும் பதினெட்டு வருசம் முகம் பாக்கேல்லை. பெரியப்பா செத்த வீட்டுக்கும் ஐயா போகேல்லை. அருள் சொல்லுவார், சாண்தானே, அவன் எடுத்துக்கொண்டு போகட்டும், எனக்கு ஞாயிற்றுக்கிழமை கடதாசிச் சீட்டு விளையாட ஆள் வேணும் எண்டு." எமில்டா கைப்பையைத் திறந்து ஒரு லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "போன வருசம்தான் நான் தனிய இருந்து பாத்தன். அப்ப சிரிப்பு வரேல்லை."

சச்சிதானந்தன் குனிந்து, பிடுங்கின தடியை அதே ஓட்டைக்குள் இறக்கி, மண்ணைக் காலால் மிதித்தார். இரண்டாவதுக்குப் புதுத் தடி வெட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவதையும் நட்டார். வேர்த்து ஒழுகியது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"அக்கா, எத்தினை அடி எண்டு அளந்தனீங்கள்?"

"இருபத்தேழு. அரை அடி கூட."

"அரை அடியை முழு அடியாத்தான் எடுப்பினம். கடிதத்திலை அடியிலை சின்னதாய் எழுதிக் கிடக்கு. இருபத்தெட்டு வரும். ஆயிரத்து நூற்றிருபது."

எமில்டாவின் முகம் விழுந்தது. நாற்பது டொலர் ஒரு பெரிய காசா என்று கேட்பவர்கள், மற்றவர்களின் துணியை மணித்தியாலம் ஏழு டொலருக்குத் தோய்த்துப் பார்க்க வேண்டும். அவள் தனக்குள் ஏதோ கூட்டிக் கழித்துவிட்டு, "பாப்பம்" என்றாள். அந்தப் பாப்பம் சரியாக ஒலிக்கவில்லை.

சச்சிதானந்தன் வேலியடியில் முழங்காலில் இருந்தார். வலது கையை விரித்து, தடிக்குப் பக்கத்தில், எமில்டாவின் பக்கம், ஈர மண்ணில் வைத்தார். பெருவிரலில் இருந்து சின்ன விரல் வரைக்கும் ஒரு சாண். சின்ன விரல் முடிந்த இடத்தில் அலவாங்கால் குத்தினார்.

மங்கைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த தடியைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள்.

"தம்பி, என்ன செய்யிறீர்?" என்றாள் எமில்டா.

"இருபத்தாறே முக்காலாக்கிறன். இருபத்தேழுக்கு மேலை ஒரு நூலும் போகாது."

"அப்ப உங்கடை?"

"முப்பத்தெட்டு" என்றார் தலையை நிமிர்த்தாமல். "ஆறு சாண் திண்டனான். அதுக்குக் காசு கட்டத்தானே வேணும். இது ஏழாவது. இதுதான் கடைசி."

"இப்பிடியே போனால் அடுத்த வருசம் என்ரை கதவைத் திறக்கேலாது" என்றாள் எமில்டா. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து படியில் குந்தினாள். மெத்தையில் இருந்து அப்போதுதான் எழும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்த கௌசியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, இஞ்சை வா. வந்து பக்கத்திலை இரு. வேலி நடக்குது."

பதினாலு தடியும் நட்டு, துணி இழுத்துக் கட்டி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு மணிக்குப் பார்க் சொந்தக்காரி றப்பர் சப்பாத்தோடு வந்து ரேப்பைப் பிடித்தாள். எமில்டாவுக்கு இருபத்தேழு என்று எழுதினாள். இந்தப் பக்கம் வந்து அளந்து, முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டு, இந்த வரிசையிலேயே பெரிய இடம் உங்களுடையதுதான் என்றாள். ஆயிரத்து ஐந்நூற்றிருபது டொலர். சச்சிதானந்தன் ஓம் என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற மங்கை, இனி அவர் வாயில் இருந்து வித்துப்போடுவம் என்ற சொல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சோறும் மிச்ச மீன் குழம்பும் மேசையில் வைத்தாள். நாலு கதிரை. எமில்டாவும் வந்திருந்தாள். சச்சிதானந்தன் கையில் மண் போகக் கழுவிவிட்டு வந்து, கதிரையை மங்கைக்கு நேரெதிரே இழுத்துப் போட்டார். இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"இவ்வளவு காசைக் கட்டிப்போட்டு இனி ஒரு கிழமையும் வராமல் விடேலாது. வெள்ளி இரவு வேலையையும் விட்டிடப் போறன். வெள்ளி பின்னேரமே வெளிக்கிடவேணும்."

மங்கை மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். வெள்ளி இரவு ஒன்று, சனி விடிய ஒன்று, சனி மத்தியானம் ஒன்று. பழைய இரண்டோடு கிழமைக்கு ஐந்து. சட்டியைச் சரித்து, மீன் துண்டில் பெரியதைப் பார்த்து எடுத்து, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள்.